உங்கள் நூலின் பிடிஎஃப் திருட்டுத்தனமாக உலவுகிறதா? இணைய நிறுவனங்களிடம் புகார் கொடுக்கும் முறை, படிப்படியாக

ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே டெலிகிராம் குழுக்களிலும் இலவசப் பதிவிறக்கத் தளங்களிலும் முழுமையாகக் கிடைக்கத் தொடங்கிவிட்டால், அதை எழுதியவரும் பதிப்பித்தவரும் முதலில் தேடுவது யாரிடம் முறையிடலாம் என்பதைத்தான். என் நூலுக்கு இது நேர்ந்தபோது அந்தக் கேள்விக்கு நேரான பதில் எங்கும் கிடைக்கவில்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனம் தளத்தைக் கைகாட்டியது, தளம் நீதிமன்றத்தைக் கைகாட்டியது. சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சட்டம் வைத்திருக்கும் கடமை வேறு. அதைப் பிரித்து அறியாமல் அனுப்பும் கடிதம் எதுவும் பயன் தருவதில்லை. இந்தியாவில் இருந்துகொண்டு தம் நூலையோ பாடக் காணொளியையோ ஒலிநூலையோ காத்துக்கொள்ள விரும்பும் தனிப் படைப்பாளர்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் இதை எழுதுகிறேன். நீதிமன்றம் தொடர்பான படிகளில் வழக்கறிஞரின் துணை கட்டாயம் வேண்டும்.

1. யாருக்கு எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் போன்ற இணைப்பு நிறுவனங்களின் கம்பி வழியாகத்தான் திருட்டுப் பிரதி எல்லோர் கைபேசிக்கும் வந்து சேர்கிறது. அதனால் அவற்றிடம் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைப்பது இயல்பு. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52(1)(ஆ), தகவலைக் கடத்தும் தொழில்நுட்பப் போக்கில் நிகழும் தற்காலிகச் சேமிப்பைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. வெறுமனே தரவைக் கடத்தும் நிறுவனம் உங்கள் தனிப்பட்ட கடிதத்தின் பேரில் எந்தத் தளத்தையும் முடக்காது. நீதிமன்ற ஆணையோ அரசின் உத்தரவோ வந்தால் மட்டுமே முடக்கும். இணையத்தில் ஓடும் தகவல்களை எல்லாம் முன்கூட்டியே வடிகட்டிப் பார்க்க வேண்டும் என்ற பொதுக் கடமையும் இந்தியச் சட்டத்தில் அவற்றுக்கு இல்லை.

ஆகவே உங்கள் முதல் கடிதம் கோப்பை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். அது டெலிகிராமாகவோ யூடியூபாகவோ கூகுள் டிரைவாகவோ இருக்கலாம். பெயர் தெரியாத ஒரு பதிவிறக்கத் தளம் என்றால் அதற்குச் சேமிப்பிடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அடுத்த கடிதம், அந்தப் பிரதியைத் தேடல் முடிவில் காட்டும் தேடுபொறிக்கு. இணைப்பு நிறுவனங்கள் கடைசியாகத்தான் வருகின்றன, அதுவும் நீதிமன்றத்தின் வழியாக. இந்த வரிசையை மாற்றினால் வாரங்கள் வீணாகும்.

ஹோஸ்டிங் நிறுவனம் எது என்பதை அறிய, டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூஈஸ் தேடலைப் பயன்படுத்தலாம். பல திருட்டுத் தளங்கள், தளத்துக்கும் வாசகருக்கும் நடுவே நின்று தரவைக் கடத்தும் கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அப்போது ஹூஈஸில் அந்த இடைச்சேவையின் பெயரே தெரியும். அதன் முறைகேட்டுப் புகார்ப் படிவத்தை நிரப்பினால், புகாரை உண்மையான ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்து, அந்த நிறுவனம் எது என்பதையும் உங்களுக்குத் தெரிவிப்பார்கள்.

2. புகாருக்கு முன்பே சான்றுகளைச் சேகரியுங்கள்

புகார் போய்ச் சேர்ந்ததும் கோப்பு மறைந்துவிடலாம். கோப்பு மறைவது நல்லதுதான். ஆனால் பின்னால் வழக்குத் தொடுக்க நேர்ந்தால் கையில் சான்று இருக்காது. எனவே திருட்டுப் பிரதி இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் முழு யூஆர்எல் முகவரி, நாள், நேரம் ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிகிராம் என்றால் குழுவின் பெயர், அதன் இணைப்பு முகவரி, குறிப்பிட்ட செய்திக்கான தனிச்சுட்டி, உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றையும் பதிவு செய்யுங்கள். குழுவின் பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள் என்பதால் பெயர் மட்டும் போதாது. கோப்பு ஒன்றைத் தரவிறக்கி, திறந்து திருத்தாமல் அப்படியே ஒரு தனி வட்டில் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சான்றுச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது இரு பகுதிகள் கொண்ட சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். முதல் பகுதியில் ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும் இரண்டாம் பகுதியில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திடுவார்கள். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீட்டையும், அதில் குறிப்பிட வேண்டும். தரவிறக்கிய அன்றே அந்த மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டால், கோப்பை இடையில் மாற்றியிருக்கலாம் என்ற எதிர்வாதத்துக்கு இடமே இருக்காது.

3. உரிமை உங்களிடம்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

புகாரைப் பதிப்புரிமையின் உரிமையாளரோ தனியுரிமம் (ஒருவருக்கு மட்டுமே தரப்படும் அனுமதி) பெற்றவரோதான் கொடுக்க முடியும். நூலை எழுதியவர் நீங்கள் என்பதாலேயே இன்றைக்கும் உரிமையாளர் நீங்கள்தான் என்று ஆகிவிடாது. பதிப்பகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் அது இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். தமிழ்ப் பதிப்புலகில் வாய்மொழியாகவும் ஒற்றைத் தாளிலும் செய்துகொள்ளப்படும் ஏற்பாடுகள் ஏராளம். மின்நூல் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது அவற்றில் பெரும்பாலும் சொல்லப்பட்டிருக்காது. அப்படியானால் எழுத்தாளரும் பதிப்பாளரும் சேர்ந்து, இந்தப் புகாரை யார் கொடுப்பது என்று ஓர் அதிகாரக் கடிதத்தை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. படைப்பு உருவான கணமே உரிமையும் உருவாகிவிடுகிறது. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றே சொல்வேன். பிரிவு 48-இன்படி பதிவேடு முதல்நோக்குச் சான்றாகும், அதாவது மாறாக நிறுவப்படும் வரை ஏற்கப்படும். வெளிநாட்டு நிறுவனங்களின் புகார் பிரிவில் இருப்பவர்களுக்கும் ஒரு பதிவு எண்ணைப் பார்த்தால் ஐயம் குறைகிறது. இலக்கியப் படைப்புக்கான கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய், திரைப்படத்துக்கு 5,000 ரூபாய். படிவம் 14-ஐ இணையவழியாகவே நிரப்பலாம். விண்ணப்பித்ததும் விண்ணப்பத்துக்கான ஒரு டயரி எண் கிடைக்கும். அதன் பிறகு ஆட்சேபணைக்காக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், பரிசீலனைக்கான காலம் தனி. திருட்டு நடந்த பிறகு பதிவு செய்யத் தொடங்கினால் சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். புகாரில் டயரி எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

எவையெல்லாம் மீறல் அல்ல என்பதையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். மதிப்புரையில் மேற்கோள் காட்டுவதும், பார்வைக் குறைபாடு உடையோருக்காக லாப நோக்கமின்றி அணுகத்தக்க வடிவில் மாற்றித் தருவதும் பிரிவு 52-இன்படி அனுமதிக்கப்பட்டவை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம், இணையத்திலும் இடலாம். அப்படிப்பட்ட நூலுக்கு நீங்கள் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்புகளும் உங்களுடையவை, மூலப்பாடம் உங்களுடையதல்ல. அடிப்படையில்லாத மிரட்டல் கடிதம் பெற்றவர் உங்கள்மீதே வழக்குத் தொடுக்கப் பிரிவு 60 இடம் தருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

4. புகாரை விதி 75-இன் வடிவில் எழுதுங்கள்

புகார்கள் நிராகரிக்கப்படுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் உருவாகின்றன. ‘என் புத்தகத்தைத் திருடிவிட்டார்கள், உடனே நீக்குங்கள்’ என்ற மின்னஞ்சலுக்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை. பதிப்புரிமை விதிகள், 2013-இன் விதி 75, புகாரில் இருக்க வேண்டிய விவரங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையையே கடிதத்தின் உட்தலைப்புகளாக வைத்துக்கொண்டால் படிப்பவர் எதையும் தேட வேண்டியிருக்காது.

முதலில் படைப்பு எது என்பதை அடையாளம் காணப் போதுமான விவரம்: நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, ஐஎஸ்பிஎன் எண், அட்டைப்படம். அடுத்து, உரிமையாளர் அல்லது தனியுரிமம் பெற்றவர் நீங்கள்தான் என்பதற்கான ஆவணங்கள். மூன்றாவதாக, அங்கே இருப்பது மீறல் பிரதிதான் என்பதற்கும், அது பிரிவு 52-இன் விதிவிலக்குகளில் அடங்காது என்பதற்குமான விளக்கம். இந்த மூன்றாவது விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழு நூலும் அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கிறது, யாரும் அனுமதி பெறவில்லை, விமர்சனமோ ஆய்வோ அதில் இல்லை என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதினாலே போதும். நான்காவதாக, பிரதி இருக்கும் இடம், அதாவது துல்லியமான யூஆர்எல். ஐந்தாவதாக, பதிவேற்றியவர் யார் என்று தெரிந்தால் அந்த விவரம். ஆறாவதாக, புகார் போய்ச் சேர்ந்த 21 நாட்களுக்குள் பதிவேற்றியவர்மீது வழக்குத் தொடுத்து நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவேன் என்ற உறுதிமொழி.

நான்காவது விவரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘உங்கள் தளம் முழுக்க என் நூல் இருக்கிறது’ என்று எழுதுவது செல்லாது. ஓர் இசை நிறுவனம் மைஸ்பேஸ் தளத்தின்மீது தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2016 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, மீறல் பொதுவாக நடக்கிறது என்று தளத்துக்குத் தெரிந்திருப்பது மட்டும் போதாது, எந்தப் படைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பான தகவல் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும் என்கிறது. அதே தீர்ப்பு நமக்கு ஒரு வலுவையும் தருகிறது. பதிப்புரிமையைப் பொறுத்தவரை, உரிமையாளரின் குறிப்பான புகாரே தளத்துக்கு மீறலைப் பற்றிய உண்மையான அறிவை உண்டாக்கப் போதுமானது, அதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. ஏதேனும் ஒரு தளம் ‘ஆணை இல்லாமல் எதுவும் செய்ய மாட்டோம்’ என்று பதில் எழுதினால், இந்தத் தீர்ப்பையும், பதிப்புரிமைச் சட்டத்தின் உரிமைகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று சொல்லும் அதன் பிரிவு 81-இன் காப்புரையையும் சுட்டி மறுகடிதம் எழுதுங்கள்.

விதி 75 நேரடியாகப் பேசுவது இணைப்புச்சுட்டி, அணுகல் போன்றவற்றுக்கான தற்காலிகச் சேமிப்பைப் பற்றித்தான். கோப்பை நிரந்தரமாக வைத்திருக்கும் தளம் இந்த விதி தனக்குப் பொருந்தாது என்று வாதிட முடியும். ஆகவே கடிதத்தில் விதி 75-உடன், பிறர் பதிவேற்றியதற்குத் தளம் எப்போது பொறுப்பாகாது என்று சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 79-ஐயும், இத்தகைய தளங்களின் கடமைகளைச் சொல்லும் 2021-ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகளையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

5. 36 மணி நேரமும் 21 நாட்களும்

புகாரில் உள்ள விவரங்கள் நிறைவளித்தால், பெற்றவர் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதிக்கான அணுகலை நிறுத்த வேண்டும். நிறுத்தம் 21 நாட்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை வந்து சேரவில்லை என்றால் அணுகலை மீண்டும் திறந்துவிடலாம். அதோடு, அதே புகார்தாரர் அதே இடத்திலுள்ள அதே படைப்பைப் பற்றி மறுபடி அனுப்பும் புகாருக்குப் பதில் அளிக்க வேண்டிய கடமையும் அந்த நிறுவனத்துக்கு இல்லாமல் போகிறது.

இந்த விதியின் மிகக் கடினமான பகுதி இதுதான். தனி எழுத்தாளருக்கு இது நியாயமாக இல்லை என்பது என் உறுதியான கருத்து. 21 நாட்களில் வழக்கறிஞரை அமர்த்தி, ஆவணம் தயாரித்து, வழக்கைத் தாக்கல் செய்து, இடைக்கால ஆணையும் பெறுவது பெரிய நிறுவனங்களுக்கே எளிதல்ல. தாக்கல் செய்த மனு குறைபாடு சுட்டித் திருப்பப்பட்டால் சில நாட்கள் போய்விடும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மே மாதத்தில் கோடை விடுமுறை, பொங்கலுக்கும் தசராவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தனி விடுமுறைகள். அந்த நாட்களில் விடுமுறைக்கால அமர்வு மட்டுமே இருக்கும். ஆகவே, உண்மையில் வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், வழக்கறிஞர் வரைவுமனுவைத் தயாராக வைத்திருக்கும் நாளில்தான் இந்த உறுதிமொழியுடன் புகாரை அனுப்ப வேண்டும். வழக்குக்குப் போகும் எண்ணம் இல்லை என்றால் இந்த உறுதிமொழியைக் கொடுக்காதீர்கள். அப்போது தளத்தின் சொந்தப் புகார்ப் படிவமும் அடுத்த படியில் சொல்லும் அமெரிக்க முறையுமே உங்களுக்கு ஏற்றவை.

காலக்கணக்கு புகாரைப் பெற்ற நாளிலிருந்து தொடங்குகிறது. எனவே மின்னஞ்சலோடு, பெற்றதற்கான ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட் தபாலும் அனுப்பி, இரண்டின் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

6. வெளிநாட்டுத் தளங்களுக்கு டிஎம்சிஏ புகார்

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லினியம் காப்பிரைட் ஆக்ட்) சட்டத்தின்படியான புகாரை எந்த நாட்டுப் படைப்பாளரும் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டியதில்லை, நகலை நீக்கவைக்க வழக்குத் தொடுக்கும் உறுதிமொழியும் தேவையில்லை. படைப்பின் விவரம், மீறல் பிரதியின் முகவரி, உங்கள் தொடர்பு விவரம், இது அனுமதியற்றது என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன் என்ற கூற்று, புகாரின் தகவல்கள் சரியானவை, உரிமையாளர் சார்பில் செயல்பட எனக்கு அதிகாரம் உண்டு என்று பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு அளிக்கும் உறுதி, கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். பதிவேற்றியவர் எதிர்ப்புப் புகார் கொடுத்தால், நீங்கள் வழக்குத் தொடுத்ததாகத் தெரிவிக்காத வரையில் தளம் 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் கோப்பை மீண்டும் திறந்துவிடும். திருட்டுப் பிடிஎஃப் பதிவேற்றுபவர்கள் தம் உண்மைப் பெயரையும் முகவரியையும் கொடுத்து எதிர்ப்புப் புகார் எழுத முன்வருவது அரிது.

கூகுள் தேடலிலிருந்து நீக்க அதன் பதிப்புரிமைப் படிவத்தை நிரப்புங்கள். கோப்பு அங்கேயே இருந்தாலும் தேடலில் வராவிட்டால் வாசகர் வரத்து வெகுவாகக் குறையும். கூகுளுக்கு அனுப்பும் புகார்கள் லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்தில் வெளியாகக்கூடும், அதில் அனுப்பியவரின் பெயர் தெரியும். புனைபெயரில் எழுதுபவர்கள் பதிப்பகத்தின் பெயரில் அனுப்பச் செய்வது நல்லது.

7. பதில் வரவில்லை என்றால்

இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் இங்கே வசிக்கும் குறைதீர்ப்பு அலுவலரை நியமிக்க வேண்டும். புகாரைப் பெற்றதை அவர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்வுக்கான கெடு விதிகளில் இருக்கிறது. இந்த விதிகள் அடிக்கடித் திருத்தப்படுவதால் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் தளத்திலுள்ள அண்மை வடிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலரின் முடிவு நிறைவளிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியாக முறையிடலாம். நீக்கப்பட்ட தகவலையும் அது தொடர்பான பதிவுகளையும் 180 நாட்கள் காத்து வைக்கும் கடமை தளத்துக்கு உண்டு. அதைக் கடிதத்தில் நினைவூட்டிவிடுங்கள்.

8. நீதிமன்றமும் இணைப்பு நிறுவனங்களும்

புகாரைக் கண்டுகொள்ளாத தளத்தை இந்தியாவுக்குள் முடக்க, இணைப்பு நிறுவனங்களையும் தொலைத்தொடர்புத் துறையையும் பிரதிவாதிகளாகச் சேர்த்து வழக்குத் தொடுப்பதே வழி. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62-இன்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். மதுரைக்காரர் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கான தனிப்பிரிவு 2023 முதல் இயங்குகிறது. பதிவேற்றியவரின் பெயர் தெரியாவிட்டால் ‘அசோக் குமார்’ என்ற பொதுப்பெயரில் வழக்குத் தொடுப்பது நம் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்ட நடைமுறை.

வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அது வணிக நீதிமன்ற வழக்காகும். அங்கே அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்குகளுக்கு முன்சமரசம், அதாவது வழக்குத் தொடுக்கும் முன்பே சமரச முயற்சி, கட்டாயம். திருட்டை அறிந்து பல மாதங்கள் சும்மா இருந்துவிட்டு அவசரம் என்று சொன்னால் நீதிமன்றம் கேள்வி எழுப்பும். வழக்கறிஞர் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். மனு தயாரிப்பு, இடைக்கால ஆணை, ஒவ்வொரு அமர்வு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றக் கட்டணம், உறுதிமொழிப் பத்திரத்துக்கான நோட்டரி, மின்னணுச் சான்றிதழுக்கான நிபுணர் ஆகிய செலவுகள் தனி.

என்ன கேட்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். 2012-இல் ‘3’, ‘தம்மு’ ஆகிய படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தடையாணையைக் கொண்டு இணைப்பு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாக முடக்கின. அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம், தடை மீறல் பிரதி இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லுக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கு அல்ல என்று தெளிவுபடுத்தியது. சட்டபூர்வமான பொருளும் இருக்கும் தளத்தை முழுவதுமாக முடக்கக் கேட்டால் கிடைக்காது, கேட்பதும் முறையல்ல. ஆனால் இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் இயங்குவதால், இணைப்பு நிறுவனத்தின் கண்ணுக்கு டொமைன் பெயர் மட்டுமே தெரியும், பக்க முகவரி தெரியாது. ஒற்றைப் பக்கத்தை மட்டும் தடுக்க அதனால் இயலாது. அந்தப் பக்கத்தைத் தளம்தான் நீக்க முடியும். ஆகவே சட்டபூர்வமான பொருளும் திருட்டுப் பிரதியும் கலந்திருக்கும் தளங்களுக்கு எதிராகத் தளத்தின்மீதே ஆணை கேளுங்கள். திருட்டுக்கென்றே நடத்தப்படும் தளங்களுக்கு மட்டும் இணைப்பு நிறுவனங்களின் வழியாக முழு முடக்கம் கேளுங்கள்.

அப்படிப்பட்ட தளத்தை அடையாளம் காணும் அளவுகோல்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று யூடிவி நிறுவனத்தின் வழக்கில் வகுத்தது. தளத்தின் முதன்மை நோக்கம், நடத்துபவரின் விவரம் மறைக்கப்பட்டிருப்பது, நீக்கக் கோரும் புகார்களுக்குப் பதிலே அளிக்காதது ஆகியவை அவற்றுள் சில. பதில் வராத உங்கள் புகார்கள் இந்த இடத்தில் சான்றாகின்றன. ஒன்றையும் அழிக்காதீர்கள். முடக்கப்பட்ட தளம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி முளைத்தால், புது வழக்கின்றி அந்த முகவரியையும் ஆணையில் சேர்க்க அத்தீர்ப்பு வழி செய்தது. உங்கள் மனுவிலும் இந்தக் கோரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவேற்றியவர் யார் என்று இணைப்பு நிறுவனத்திடமோ தளத்திடமோ நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நீதிமன்றம் கேட்டால் நிலைமை வேறு. ஒரு பயிற்சி ஆசிரியரின் நூல்களும் காணொளி வகுப்புகளும் டெலிகிராமில் பரவிய வழக்கில், அந்தக் குழுக்களை நடத்தியவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி போன்ற விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் டெலிகிராமுக்கு ஆணையிட்டது. ஐபி முகவரி மட்டும் கிடைத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கைபேசி இணைப்புகளில் ஒரே முகவரியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்கிறார்கள். எனவே துல்லியமான நேரத்தையும், ஒரே முகவரியைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்தே கோரும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

9. நீக்கிய பிறகு

கோப்பு போய்விட்டது என்ற பதில் வந்ததும் வேறு கணக்கிலிருந்தும் வேறு உலாவியிலிருந்தும் முகவரியைத் திறந்து பாருங்கள். நூலின் உள்ளேயிருந்து யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லாத ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், பெயர் மாற்றி ஏற்றப்பட்ட பிரதிகளும் சிக்கும். புதிய இடத்தில் கிடைக்கும் பிரதி புதிய புகாருக்கு உரியது. பழைய கடிதத்தில் முகவரியையும் நாளையும் மட்டும் மாற்றி அன்றே அனுப்பிவிடலாம்.